எல்லா வாந்தியும் வயிற்றுக் கோளாறு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தால், தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எந்த வீட்டிலும் முதலில் வரும் கேள்வி "நேத்து ராத்திரி வெளியில என்ன வாங்கித் தின்ன?" என்பதுதான். மாசமாக இருக்கிற பெண் வாந்தி எடுத்தால் அந்தக் கேள்விகூட வராது. மசக்கை என்று பேச்சு முடிந்துவிடும். பெரும்பாலும் இந்தக் கணிப்பு சரியாகவே இருக்கும். தப்பாகப் போகிற சிலருக்குத் தலைக்குள் கட்டி இருக்கிறது. எண்ணிக்கையில் அவர்கள் கொஞ்சம்தான். ஆனால் அறுவை சிகிச்சையால் காப்பாற்றக்கூடியவர்களில் பலர் ஆபரேஷன் தியேட்டருக்கு (ஓ.டி.) வந்து சேர்வதற்குள் பார்வையையோ, நினைவையோ, சில வேளை உயிரையோ இழந்துவிடுகிறார்கள். இந்தப் பகுதியில் நரம்பியல் அறுவை சிகிச்சை, மகப்பேறு, மயக்கவியல் பிரிவுகளில் வேலை செய்கிறவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்ததை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

"மூளையில கத்தி வெச்சா பொழைக்க மாட்டாங்க" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. 1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950இல் நம் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்கள். முக்கால் நூற்றாண்டாக இந்த ஊரில் நடந்துவரும் வேலை இது. குழந்தைகளின் சிறுமூளையில் வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற கட்டியை முழுவதுமாக எடுத்துவிட்டால், பத்தாண்டுகளுக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். அதற்குக் கதிர்வீச்சும் வேண்டாம், கீமோவும் வேண்டாம். ஒரே ஒரு ஆபரேஷன் போதும்.

பிள்ளைகளுக்கு வரும் மூளைக்கட்டிகளில் பெரும்பங்கு தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே, சிறுமூளை இருக்கும் சின்ன அறைக்குள் வருகிறது. மூளைநீர் வடிந்து போகும் குறுகலான பாதையும் அங்கேதான் இருக்கிறது. பெரியவர்களின் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி மூளைநீர் சுரக்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவு. ஆனால் பாதை அடைபட்டாலும் சுரப்பு நிற்காது. நீர் தேங்கி, மூளையின் உள்ளறைகள் வீங்கி, தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது. இரவு முழுவதும் படுத்திருக்கும்போது ரத்தம் தலையிலிருந்து இறங்குவது மெதுவாகிறது. தூக்கத்தில் மூச்சும் குறைந்து ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு கொஞ்சம் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடுவதால்தான் விடியற்காலையில் தலைவலி வருகிறது. வாந்தி எடுத்ததும் வலி லேசாகிறது. பிள்ளை பத்து மணிக்கு இட்லி கேட்டுச் சாப்பிடுகிறான். "பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுக்கறான்" என்று வீட்டில் சொல்வதும் இதனால்தான்.

இரண்டு வாரமாகக் காலைத் தலைவலியும் வாந்தியும் இருந்தால் வேறு சிலவற்றையும் கவனியுங்கள். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இல்லாமல் வாந்தி மட்டும் வருகிறதா? நேராக நடந்த பிள்ளை கால்களை அகட்டி வைத்து நடக்கிறானா? மாடிப்படி இறங்கச் சுவரைப் பிடிக்கிறானா? நோட்டில் கையெழுத்து கோணலாகிவிட்டதா? டி.வி. பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்கிறானா? ஒரு கண் உள்பக்கம் திரும்பி மாறுகண் போலத் தெரிகிறதா? தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பதைச் சுளுக்கு என்று தைலம் போட்டுத் தேய்க்கிறோம். ஆறு மாதத்துக்கு முந்தைய பிறந்தநாள் போட்டோவை எடுத்துப் பாருங்கள். அதில் தலை நேராக இருந்திருந்தால் இது சுளுக்கு இல்லை.

கைக்குழந்தை தலைவலியைச் சொல்லாது. மண்டையோட்டின் மூட்டுகள் இன்னும் சேராததால் தலை பெரிதாகிக் கொடுக்கும், அழுத்தம் வெளியே தெரியாது. தலைச்சுற்றளவு பிறக்கும்போது சுமார் 34 சென்டிமீட்டர், ஆறு மாதத்தில் 42, 43, ஒரு வயதில் 45, 46. தடுப்பூசிக்குத் தூக்கிப்போகும் ஒவ்வொரு தடவையும் செவிலியரிடம் கேட்டு டேப் வைத்து அளந்து, தாய்-சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தடவை எடுத்த அளவைவிட, முந்தைய அளவிலிருந்து எவ்வளவு வேகமாக ஏறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பது பூச்சி மாத்திரை, அப்புறம் அல்சர் மருந்து, அப்புறம் கண்ணாடி. கண்ணாடிக்குப் போகும் இடத்தில்தான் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, விழியின் பின்சுவரில் நரம்பு நுழையும் இடத்தைக் கருவி வைத்துப் பார்த்தால், தலைக்குள் அழுத்தம் ஏறியிருப்பது வீக்கமாகத் தெரியும். ஐந்து நிமிட வேலை. வெறும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தால் இது தெரியாது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கண்ணில் வீக்கம் இல்லை என்பதால் தலையில் கட்டி இல்லை என்று ஆகாது. மற்ற அறிகுறிகள் இருந்தால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். மூளைக்காய்ச்சலோ என்ற சந்தேகத்தில், ஸ்கேன் பார்க்காமல் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும் ஆபத்து. கீழே அழுத்தம் சட்டென்று குறைந்தால் மேலிருக்கும் மூளை கீழே இறங்கி, மூச்சை நடத்தும் மூளைத்தண்டை நசுக்கிவிடும்.

அவசரத்துக்கு சி.டி. ஸ்கேன் போதும். ஆபரேஷனுக்குத் திட்டம் போட காண்ட்ராஸ்ட் ஊசியோடு எம்.ஆர்.ஐ. வேண்டும். சிறுமூளையில் வரும் புற்றுநோய்க் கட்டியான மெடுல்லோபிளாஸ்டோமா போன்றவை மூளைநீர் வழியாக முதுகுத்தண்டுக்குப் பரவும் என்பதால், தலையோடு முழு முதுகுத்தண்டையும் ஆபரேஷனுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. பின்னால் எடுத்தால் அங்கே தெரிவது பரவிய கட்டியா, ஆபரேஷனில் இறங்கிய ரத்தமா என்று குழப்பம் வரும். சின்னப் பிள்ளை எம்.ஆர்.ஐ.க்குள் அசையாமல் படுக்காது, மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆறு மணி நேரம் திட உணவும் பசும்பாலும் கூடாது, நான்கு மணி நேரம் தாய்ப்பால் கூடாது, கடைசி இரண்டு மணி நேரம் தண்ணீரும் கூடாது. அழுகிற பிள்ளைக்கு வராண்டாவில் பாட்டி ஊட்டிவிட்ட ஒரே ஒரு பிஸ்கட்டால் ஸ்கேன் மறுநாளுக்குத் தள்ளிப்போகிறது. சொல்லாமல் மறைத்துவிட்டால் இன்னும் மோசம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். கொடுத்துவிட்டால் கொடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

கட்டி தெரிந்ததும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவார்கள். கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை இது இரண்டு மூன்று நாளில் வடியவைக்கும். தலைவலி போய்விடும், வாந்தி நின்றுவிடும், பிள்ளை பசி பசி என்று சாப்பிடும், வார்டில் ஓடி விளையாடும். இந்த இரண்டு மூன்று நாள்தான் எங்களுக்கு மிகுந்த கவலை தரும் நாள்கள். "இப்ப நல்லாத்தானே இருக்கான், எதுக்கு ஆபரேஷன்?" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வீக்கம்தான் வடிந்திருக்கிறது, கட்டி அப்படியே இருக்கிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பழைய வீக்கமும் திரும்பும், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டும் குறைந்திருப்பதால் பிள்ளை துவண்டு விழும். இந்த மருந்தைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நீர் மிகவும் தேங்கியிருந்தால் கட்டியை எடுப்பதற்கு முன்போ, எடுக்கும்போதோ அதற்கு வழி செய்ய வேண்டும். எண்டோஸ்கோப் வழியாக, மூளையின் உள்ளறைகளில் மூன்றாம் அறையின் தரையில் துளை போட்டு நீரை வேறு வழியில் திருப்பலாம். அல்லது மண்டையில் சிறு துளை போட்டு மெல்லிய குழாயை உள்ளறைக்குள் இறக்கி வெளியே வடிய விடலாம். மூளைநீரை வயிற்றுக்குள் வடியவிடும் ஷன்ட் குழாயை நிரந்தரமாக வைப்பதை முடிந்தவரை தவிர்க்கிறோம். கட்டியை எடுத்ததும் பாதை திறந்துவிட்டால் பல பிள்ளைகளுக்கு அது தேவைப்படுவதே இல்லை.

வெளியே வடியும் அந்தக் குழாயைப் பற்றிப் பெற்றோருக்கு ஒன்று புரிய வேண்டும். கட்டில் பக்கத்து ஸ்டாண்டில் நீர் சொட்டி விழும் ஒரு சின்ன அறையும் அதன் கீழே பையும் தொங்கும். பக்கத்தில் சென்டிமீட்டர் குறித்த அளவுகோல் இருக்கும். பிள்ளையின் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பு மேட்டை பூஜ்யமாக வைத்து, அதிலிருந்து 10 அல்லது 15 சென்டிமீட்டர் உயரத்தில் அந்த அறையைப் பொருத்துவோம். தலைக்குள் அழுத்தம் அந்த உயரத்தைத் தாண்டினால்தான் சொட்டும். பால் கொடுக்க அம்மா பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்க்கும்போது தலை மேலே போய்விடுகிறது, ஸ்டாண்டு அதே இடத்தில் நிற்கிறது. திறந்த குழாயில் நீர் மடமடவென்று வடிந்துவிடும். வேகமாக வடிந்தால் கட்டியில் ரத்தம் கசியலாம். பின்மண்டைக் கட்டி மேல்நோக்கித் தள்ளி மூளைத்தண்டை அழுத்தவும் கூடும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினாலும் இதேதான். அதனால் தூக்குவதற்கு முன் செவிலியரைக் கூப்பிட்டுத் திருகியை மூடச் சொல்லுங்கள். படுக்கவைத்ததும் மட்டம் பார்த்துத் திறக்கச் சொல்லுங்கள். மூடியதைத் திறக்க மறந்தால் அதுவும் ஆபத்து. எனவே இரண்டு தடவையும் கேளுங்கள். அந்த அறையைத் தரையில் சாய்த்து வைத்தால் மேலே உள்ள காற்று வடிகட்டி நனைந்து, சொட்டுவது நின்றுபோகும்.

ஆபரேஷனுக்கு வருவோம். பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்துப் பிடரியில் திறப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். பெரியவர்களுக்குத் தலையை மூன்று ஊசிமுனைக் கவ்வியில் பிடித்து நிறுத்துவோம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எலும்பு மெல்லிசு, ஊசி உள்ளே இறங்கிவிடும் என்பதால் லாட வடிவ மெத்தையில் முகத்தைத் தாங்கவைக்கிறோம். அப்போது கண்ணில் அழுத்தம் படாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தாக வேண்டும். தேவைப்படுகிற பொருள்களில் முதலாவது ரத்தம். பத்து கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தமே 700 முதல் 800 மில்லி. பெரியவர்களுக்கு 100 மில்லி போனால் பொருட்படுத்த மாட்டோம்; இந்தப் பிள்ளைக்கு அது எட்டில் ஒரு பங்கு. அதனால் உறிஞ்சும் பாட்டிலில் சேர்வதை மட்டும் பார்த்தால் போதாது. நனைந்த ஒவ்வொரு காஸ் துணியையும் தராசில் நிறுத்து, காய்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று பலகையில் எழுதிக்கொண்டே வருவோம். பொருத்தம் பார்த்த ரத்தம் ஓ.டி.க்குள் வந்து சேர்ந்த பிறகுதான் தோலில் கத்தி. ரத்த தானத்துக்கு ஆள் கேட்டு அலையவைக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்; காரணம் இந்தக் கணக்குதான்.

மைக்ராஸ்கோப்பின் கீழே, அல்ட்ராசவுண்ட் அதிர்வால் கட்டியை உடைத்து உறிஞ்சும் கருவியைக்கொண்டு உள்ளிருந்து குடைந்து எடுத்துக்கொண்டே வருகிறோம். முடிவில் மூளைத்தண்டின் மேல், நான்காம் அறையின் தரையில், ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஏடு மிஞ்சும். கண்ணை அசைக்கும் நரம்பு, முகத்தை அசைக்கும் நரம்பு, விழுங்கவைக்கும் நரம்பு எல்லாவற்றின் மையங்களும் அந்தத் தரைக்கு அடியில் சில மில்லிமீட்டரில் இருக்கின்றன. அங்கே சுரண்டினால் பிள்ளை ஆயுசுக்கும் விழுங்க முடியாமல் போகலாம். "முழுசா எடுக்கலையாமே" என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்கிறோம்: அந்த ஏட்டை விட்டுவருவது கைத்திறன் குறைவினால் இல்லை, பிள்ளைக்காகத்தான். ஆபரேஷன் முடிந்து 48 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள், மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு காயம் ஆறுவதால் வரும் வெள்ளை நிறத்தையும் மிஞ்சிய கட்டியையும் பிரித்துப் பார்ப்பது கடினம். மெடுல்லோபிளாஸ்டோமாவில் மிச்சம் 1.5 சதுர சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, தாண்டுகிறதா என்பதை வைத்தே அடுத்த சிகிச்சையின் அளவு மாறும்.

பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. பல இடங்களில் இது சொல்லப்படுவதில்லை. சிறுமூளையின் நடுவில் கட்டி எடுத்த பிள்ளைகளில் சிலர், மெடுல்லோபிளாஸ்டோமாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், மயக்கம் தெளிந்து முதல் நாள் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துப் பேச்சை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அழுகை மட்டும் வரும், உடம்பு தொய்ந்திருக்கும், எதற்கெடுத்தாலும் எரிச்சல்படும். காது கேட்கும், சொல்வது பெரும்பாலும் புரியும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இப்படி இருந்து மெல்லப் பேச்சு திரும்பும், முதலில் ஒற்றை வார்த்தையாக. கொஞ்சம் குழறல் மிஞ்சலாம். இது தெரியாத குடும்பம் "ஆபரேஷன்ல நாக்கு நரம்பை வெட்டிட்டாங்க" என்று நம்பி, காத்து கருப்பு பார்க்கத் தூக்கிப்போய், அடுத்த சிகிச்சையையே விட்டுவிடுகிறது. மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு ஆபரேஷன் பாதி வேலைதான். மூன்று வயது தாண்டிய பிள்ளைகளுக்குச் சுமார் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும்; வாரத்துக்கு ஐந்து நாளாக முப்பது தடவை. தையலில் நீர் கசிந்தாலோ, பிடரியில் பை போல வீங்கினாலோ உடனே வாருங்கள். தொற்று ஏறினால் அந்த ஆறு வாரம் கைநழுவிப் போகும்.

கட்டி என்றாலே கத்தி என்றும் இல்லை. மூளைத்தண்டுக்குள்ளேயே ஊடுருவிப் பரவும் கட்டியை எந்த ஊரிலும் வெட்டி எடுப்பதில்லை. அங்கே ஆபரேஷன் செய்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் நடுவில் பினியல் பகுதியில் வரும் கட்டிகளுக்கு முதலில் ரத்தத்தில் ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி. என்ற பொருள்களின் அளவு பார்க்க வேண்டும். சில வகைகள் அந்த ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும், கீமோவிலும் கதிர்வீச்சிலும் கரைந்துவிடும்.

இனி கர்ப்பிணிகள்.

மசக்கை வாந்தி பெரும்பாலும் ஒன்பது வாரத்துக்குள் தொடங்கி, நான்கைந்து மாதத்தில் அடங்கும். ஐந்தாம் மாதத்தில் புதிதாகத் தொடங்கும் வாந்தி, அதுவும் தலைவலியோடு வந்தால், மசக்கை என்று விடக் கூடாது. அதேபோல் ஃபிட்ஸ். நிறைமாதத்தில் ஃபிட்ஸ் வந்தால் ஜன்னி என்கிறோம். ஜன்னிக்கு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருக்கும்; 20 வாரத்துக்குப் பிறகு வரும்; பெரும்பாலும் சிறுநீரில் புரதம் போகும். அப்படி இருந்தால் மெக்னீசியம் சல்பேட் உடனே போட வேண்டும், ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் 20 வாரத்துக்கு முன் ஃபிட்ஸ், பி.பி. சரியாக இருந்தும் ஃபிட்ஸ், ஒரு கை மட்டும் வெட்டி இழுப்பது, வாய் கோணுவது, ஓரப் பார்வை மறைவது: இவற்றில் எது இருந்தாலும் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். ஃபிட்ஸ் வந்தவருக்கு இரும்புச் சாவி கொடுப்பதை விட்டுவிட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

"வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு ஸ்கேனா?" என்று குடும்பமும் பயப்படுகிறது, சில இடங்களில் எழுதிக் கொடுப்பவர்களும் தயங்குகிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே கிடையாது. காண்ட்ராஸ்ட் ஊசியை மட்டும் தவிர்ப்போம். அவசரத்துக்கு எடுக்கும் தலை சி.டி.யில் கருவுக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சின் அளவு 0.01 மில்லிகிரே கூட இருக்காது. கருவுக்குத் தீங்கு பற்றிப் பேசத் தொடங்குவதே 50 மில்லிகிரேயில்தான். ஐயாயிரம் மடங்கு இடைவெளி இருக்கிறது.

கர்ப்பத்தினால் கட்டி முளைப்பதில்லை. இருந்த கட்டி பெரிதாகித் தெரியவருகிறது. மூளையின் உறையில் வரும் மெனிஞ்சியோமாக்களில் பலவற்றுக்கு புரோஜெஸ்டிரான் ஹார்மோனை ஏற்கும் தன்மை இருக்கிறது. உடம்பில் ரத்தமும் நீரும் கூடுவதால் கட்டியும் ஊதுகிறது. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குக் கொஞ்சம் சுருங்கவும் செய்கிறது. பிட்யூட்டரி சுரப்பி கர்ப்பத்தில் இயல்பாகவே பருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி ஏற்கெனவே இருந்தால் பார்வை நரம்பை அழுத்தத் தொடங்கும். திடீரென்று பார்வை போனாலோ, இடி விழுந்தாற்போல் தலை வலித்தாலோ அன்றிரவே வர வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

கருவைக் கலைத்தால்தான் ஆபரேஷன் என்று நினைப்பது தவறு. தாய் நினைவோடு இருந்து, அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் முதல் மூன்று மாதத்தைத் தாண்டவிட்டு, நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதத்துக்குள் கட்டியை எடுக்கலாம். அந்தக் காலத்தில் கருச்சிதைவு ஆபத்தும் குறைவு, வயிறும் இடைஞ்சல் பண்ணாது. 34 வாரத்தை எட்டிவிட்டால் முதலில் சிசேரியன், பிறகு தலை. தேவைப்பட்டால் அதே மயக்கத்தில் இரண்டும். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் முடிவெடுப்பது கடினம். வாரம் வாரமாகக் காத்திருந்து, பிள்ளையின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஊசி போட்டு நேரம் வாங்குவோம். தாய் நினைவு தப்பினாலோ, ஒரு கண்பாவை விரிந்தாலோ எந்த வாரமானாலும் அப்போதே ஆபரேஷன்தான். தாயின் உயிர்தான் முதலில்.

ஓ.டி.யில் சாதாரண நோயாளிக்குச் செய்வதை அப்படியே செய்தால் இங்கே தப்பாகிவிடும். 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தித் தாயின் பி.பி. இறங்கும், பிள்ளைக்கும் ரத்தம் குறையும். வலது இடுப்புக்கு அடியில் ஆப்புத் தலையணை வைத்து 15 டிகிரி இடப்பக்கம் சாய்க்க வேண்டும். மூளையைச் சுருக்குவதற்குச் செயற்கை மூச்சை வேகப்படுத்தி, ரத்தத்திலுள்ள கார்பன்-டை-ஆக்சைடின் அழுத்தத்தை 40 மி.மீ. பாதரச அளவிலிருந்து 30க்குக் கொண்டுவருவது வழக்கம். கர்ப்பிணிக்கு இயல்பாகவே அது 30தான். பழக்கத்தில் இன்னும் பத்து இறக்கிவிட்டால் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிவிடும். மூளை வீக்கத்தைக் குறைக்க ஏற்றும் மானிடால் நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் நீரையும் இழுக்கும் என்பதால் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 கிராம் போதும். 60 கிலோ பெண்ணுக்கு 20 சதவீத பாட்டிலில் 75 முதல் 150 மில்லி. ஏ.சி. குளிரில் அந்த பாட்டிலில் கற்கண்டு போலப் படிகம் கட்டும், ஏற்றுவதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இது எங்கள் தம்பி தங்கைகளான புதுச் செவிலியர்களுக்கு.

முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன் செய்வது இங்கே நடைமுறை. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் இருந்த பெண் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். உள்ளே கட்டியும் அழுத்தமும் இருந்தால் அந்த ஊசியே மூளையைக் கீழே இறக்கிவிடும். முக்கிப் பிரசவிப்பதும் அழுத்தத்தை ஏற்றும். பிரசவத்துக்குப் பிந்தைய தலைவலியையும் "முதுகுல போட்ட ஊசியால வந்தது" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஊசியால் வரும் வலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். கட்டியாலோ, மூளைச் சிரைகளில் ரத்தம் உறைவதாலோ வரும் வலி படுத்தால் கூடும். இரண்டையும் பிரிக்க இந்த ஒரு கேள்வியே பல நேரம் போதும்.

ஃபிட்ஸ் மருந்தில் வால்ப்ரோயேட் கருவுக்குக் கெடுதல். லெவெடிராசிட்டம், லாமோட்ரிஜின் இரண்டும் அதைவிடப் பாதுகாப்பானவை. ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் மாற்றித் தருவார். கர்ப்பத்தில் இவற்றின் அளவு ரத்தத்தில் இறங்கும் என்பதால் இடையில் ஏற்ற வேண்டிவரும். லெவெடிராசிட்டம் சாப்பிடுகிற தாய் பால் கொடுக்கலாம். இன்னொன்று: மெனிஞ்சியோமா இருந்தவர்கள் கருத்தடைக்காக அரசு நிலையங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியைத் தவிர்த்து, காப்பர்-டி வைத்துக்கொள்வது நல்லது. அந்த மருந்தை ஓராண்டுக்கு மேல் போட்டவர்களிடம் மெனிஞ்சியோமா கூடுதலாக இருப்பதை 2024இல் வெளிவந்த பிரான்ஸ் நாட்டு ஆய்வு காட்டியது. கட்டி இல்லாத மற்றவர்களுக்கு இந்த ஆபத்து மிகமிகச் சிறியது. அவர்கள் பதற வேண்டாம்.

வடசென்னையில் ஸ்டான்லியும், ராயபுரத்தில் அதனோடு இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் இருக்கின்றன. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளுக்கு எழும்பூர். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேரே சென்ட்ரல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டையை ஃபிட்ஸ் வந்த பிறகு தேடாமல் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரத் துறையிடம் நாங்கள் கேட்பது இரண்டு. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும், தொடர்ந்து தலைவலி என்று வரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் கண்ணின் பின்பக்கத்தைப் பார்க்கும் கருவியும் பழகிய ஆளும் இருக்க வேண்டும். மகப்பேறு மருத்துவமனைகளில், பி.பி. ஏறாமல் ஃபிட்ஸ் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த ஓ.டி., பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று பெயரும் எண்ணும் எழுதிய ஒரு தாள் பிரசவ அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு டூட்டியில் இருப்பவர் யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

வீட்டார் கையில் வைத்திருக்க வேண்டியவை: ஸ்கேன் பதிந்த குறுந்தகடு அல்லது ஃபிலிம் (எழுதிய ரிப்போர்ட் மட்டும் போதாது), சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, டிஸ்சார்ஜ் தாள், கர்ப்பிணிக்கு பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்). ஆபரேஷன் முடிந்தவர்கள் பயாப்சி ரிப்போர்ட்டோடு, எடுத்த கட்டியின் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது அதை வெட்டித்தான் மறுபடி சோதிப்பார்கள். உருகிவிடும், பீரோ மேல் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நரம்பியல் அறுவை சிகிச்சை, மகப்பேறு, மயக்கவியல் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்
வடசென்னை